மூன்று கமென்ட்டுகள்

கலைச்செல்வி தருமபுரியில் வீட்டு மாடியிலிருந்தே சேலம் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். கம்பெனி மென்பொருளில் ஒவ்வொரு டாஸ்க்கின் கீழும் ஊழியர்கள் கமென்ட் எழுதுவார்கள். அவற்றை ஏஐ ஏஜென்டுக்கு எடுத்துக் கொடுக்கப் புதிதாக ஒரு டூல் வந்திருந்தது. அதற்குக் கையேடு எழுதினாள். முதல் வரி:

'இந்த டூல் தானாக எதையும் எழுதாது. இருப்பதை மட்டும் எடுத்து வரும்.'

உதாரணத்துக்குப் பூபதியின் பழைய டாஸ்க்கை எடுத்தாள். பூபதி அவள் கணவன், அதே கம்பெனி. போன வருடம் சேலத்திலிருந்து காரில் திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்துபோனான். அன்று எழுதிய கமென்ட்தான் கடைசி: 'கிளம்பிட்டேன். மீதிய வூட்டுல முடிக்கறேன்.'

திரையில் மூன்று கமென்ட்டுகள் இருந்தன. டூல் நான்கு கொண்டுவந்தது. நான்காவதில் இன்றைய தேதி.

'செல்வி, ஸ்கூட்டிய வாசல்ல இருந்து தள்ளி நிறுத்து. கார் உள்ள வரணும்.'

உயிரோடு இருந்தவரை, தினமும் வீடு திரும்பும்போது போனில் அவன் சொன்னது அதுதான்.

கையேட்டில் 'நான்கு கமென்ட்டுகள்' என்று எழுதினாள். அதைப் படித்த மேலாளர் நிர்மலா போனில் அழைத்தாள். "ஏங்க கலை, இருக்கறது மூணு, நாலுன்னு எழுதியிருக்கீங்க? டூலுக்கு எண்ணத் தெரியாதுங்களா? அந்த டாஸ்க்க அழிச்சிட்டு வேற ஒண்ண வெச்சு எழுதுங்க."

"இன்னிக்கி ஒரு நாள் இருக்கட்டுங்க்கா. நாளைக்கி அழிச்சிடறேன்."

டூலை மறுபடி ஓட்டினாள். ஐந்து வந்தன.

'தொப்பூர் தாண்டிட்டேன்.'

கலைச்செல்வி கீழே இறங்கினாள். ஸ்கூட்டியைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தாள்.