முதல் வரிசையில் ஓர் இடம்

"நெருங்கி நில்லுங்க, இடைவெளி விடாதீங்க" என்றார் பள்ளிவாசலில் நகரை ஆளும் அமீர் முன்திர். அங்கே ஆள்பவர்தான் தொழவைக்கவும் வேண்டும்.

முதல் வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாகவே இருந்தது.

"யாராவது முன்னால வாங்களேன்."

யாரும் அசையவில்லை.

"அது உசைதோட இடம், அமீரே" என்றார் பக்கத்தில் நின்றவர்.

சந்தை வரியை ஏசினான் என்று முன்திர் விசாரிக்காமலே சிறையில் போட்ட உசைத், நேற்று அங்கேயே இறந்துபோனான். ஏசியவன் வேறொருவன் என்று பிறகுதான் தெரிந்தது.

தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்காக உயரவேண்டிய முன்திரின் கைகள் உயரவில்லை. தொழவைக்கும் இடத்தை விட்டு மெல்ல நடந்துவந்து, அவர் அந்தக் காலியிடத்தில் நின்றார்.

இருபுறத்துத் தோள்களும் ஒதுங்கிக்கொண்டன. ஓர் இடைவெளி இரண்டானது.