மஞ்சள் துணியின் பாசம்

கறுப்புக் காரின் மேல் மஞ்சள் துணிக்கு அப்படியொரு பாசம். தினமும் காலையில் தண்ணீர்கூடத் தொடாமல் வட்டவட்டமாகத் தேய்த்துத் தூசி துடைக்கும். வெயிலில் பார்த்தால் காரின் மேலெல்லாம் சிலந்தி வலை போலக் கீறல்.

"எல்லாம் உன் மேல ஏறிப் படுக்குதே, அந்தப் பூனை வேலை, தம்பி" என்றது துணி.

ஒருநாள் பாலிஷ் மெஷின் வந்து கீறல்களை எடுத்தது. "பெயிண்ட்டைச் சீவித்தான் எடுத்திருக்கேன். இன்னொரு தடவை சீவினா தகரம்தான் மிஞ்சும்" என்று காரிடம் சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் துணி ஓடி வந்தது. மடிப்பெல்லாம் பழைய மணல். "தூசி உக்காந்திருக்கு, தம்பி. அசையாதே."

கார் கொஞ்சம் தயங்கியது. "அண்ணே, முதல்ல நீங்க குளிச்சிட்டு வாங்க."

"ஊரையே சுத்தம் பண்றவன்கிட்டயா சொல்றே?" என்ற துணி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

அடுத்த மழை வரை கார் தூசியோடுதான் நின்றது. மழை கழுவிவிட்டபோது ஒரு கீறல்கூட இல்லை. பூனை வழக்கம்போல மேலே ஏறிப் படுத்தது.