மூன்றாம் ஓலை

"இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்" என்று வாசித்துவிட்டுப் போதகர் நிமிர்ந்தபோது, முன்வரிசையில் பெண்ணின் அப்பாவே எழுந்து நின்றார்.

சபை மொத்தமும் விசிறுவதை நிறுத்தியது. நடுவரிசையில் இருந்த மாப்பிள்ளை ஹெப்ரான் விரித்த பாட்டுப் புத்தகத்தை மூடினான்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, ஜோடியின் பெயரை ஆராதனையில் வாசித்துத் தடை உண்டா என்று கேட்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். முதல் ஓலையில் யாரோ இருமினார்கள். இரண்டாம் ஓலையில் ஒரு குடை விழுந்தது. இரண்டு முறையும் ஹெப்ரான் செத்துப் பிழைத்தான். யாரோ எழுந்து நிற்பதாகத் தினமும் கனவு. கனவில் அந்த ஆளுக்கு முகம் இல்லை. இன்றைக்கு முகம் வந்துவிட்டது.

தானியேல் சாரின் முகம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைச் செயலர். கல்யாணப் பத்திரிகையில் மணமக்களைவிட அவருடைய பட்டங்களுக்கு இடம் அதிகம். 'வாலிபனே, உன் சரீரம் ஆலயம்' என்று பதினாறு பக்கப் புத்தகம் போட்டு இலவசமாகக் கொடுப்பவர். மருமகனாகப் போகிறவன் என்பதால் ஹெப்ரானுக்கு இரண்டு பிரதி.

ஹெப்ரானின் ஆலயத்தில் நான்கு வருஷமாக ஒரு குடித்தனக்காரன் இருந்தான். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு சிநேகத்தில் வந்த ஹெர்ப்பிஸ் என்ற பால்வினை நோய்.

"முழுசாப் போகாது. நரம்புக்குள்ள படுத்துக்கிடக்கும், அப்பப்ப எந்திரிக்கும்" என்று வண்ணார்பேட்டை டாக்டர் சொல்லியிருந்தார். "மாத்திரை போட்டா அடங்கும். புண் இருக்கப்பம் தள்ளிப் படுக்கணும், மத்த நேரத்துல ஆணுறை. கட்டிக்கப்போற பிள்ளகிட்ட மறைக்காதீங்க."

அவன் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மணப்பெண் டார்லினுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான். இன்று முதல் பாட்டு நடக்கும்போதுதான் பதில் வந்தது. 'டாக்டரம்மாவப் பாத்து எல்லாம் கேட்டுட்டேன். எனக்குச் சம்மதம். ஆனா அப்பா என் போனை எடுத்துப் படிச்சிட்டாவ.'

சம்மதம் என்ற சொல் அவனை உயிரோடு எழுப்பியது. அடுத்த வரி திரும்பப் புதைத்தது.

"சொல்லுங்க சார்" என்றார் போதகர்.

தானியேல் சார் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை. "தடை ஒண்ணுமில்லய்யா. உக்கார முடியல. நீங்க நடத்துங்க."

சபை மறுபடி விசிறத் தொடங்கியது. சாருக்கு மூலம் என்பது ஊரறிந்த விஷயம். முப்பது வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். பத்து நாளில் தானாகப் போகும். எந்த வைத்தியரிடமும் காட்டியதில்லை. அந்தப் பத்து நாளும் மனைவி சாலோமியிடம் உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டு முன்னறையில் தனியாகப் படுத்துக்கொள்வார். வியாதியைக்கூட வீணாக்காத மனிதர் என்று சபையில் அதற்கும் ஒரு மரியாதை உண்டு.

"ஏலே, பெருசு எந்திரிச்ச நேரத்தப் பாத்தியா" என்று பக்கத்தில் இருந்த நண்பன் வன்னியராஜ் முணுமுணுத்தான்.

ஹெப்ரானுக்குச் சந்தேகமே இல்லை. சபை நடுவே வேண்டாம் என்று தள்ளிவைத்திருக்கிறார், தனியாக அறுப்பார்.

ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டார். நேற்றுவரை வாய்நிறைய 'மாப்பிள்ளை'. இன்று, "இங்கன வாங்க தம்பி."

ஆலயத்துக்குப் பின்னால் பூவரச மரம், அதையடுத்துக் கல்லறைத் தோட்டம். பொருத்தமான இடமாகத்தான் பார்த்திருக்கிறார்.

"நீங்க அனுப்புன மெசேஜப் படிச்சேன்."

"அவளுக்கு எழுதுனது மாமா. நீங்க படிச்சிருக்கக் கூடாது."

"கூடாதுதான்." முப்பத்தாறு வருஷ சர்வீசில் அவர் ஒப்புக்கொண்ட முதல் தப்பு அதுவாகத்தான் இருக்கும். "எத்தன நாளைக்கு ஒருக்க வருது?"

"மொத வருஷம் நாலஞ்சு தடவ வந்துச்சு. இப்பம் வருஷத்துக்கு ஒருக்க."

"வரப்போவுதுன்னு முன்னாலயே தெரியுமோ?"

"ஒரு நாள் முன்னால எரியும். அப்பமே மாத்திரைய ஆரம்பிச்சிருவேன்."

பிரம்பு ஒன்றுதான் குறை. மற்றபடி தலைமையாசிரியர் அறையே பூவரச மரத்தடிக்கு வந்துவிட்டது.

"பாவத்துக்குத் தண்டனைன்னு தோணலியா?"

பதினாறு பக்கத்தின் சாரமும் அந்தக் கேள்விதான். ஹெப்ரான் கல்லறைச் சிலுவைகளைப் பார்த்தான்.

"தோணிச்சு. ரெண்டு வருஷம் ஒழுங்கா உறங்கல. கண்ண மூடுனா தலமாட்டுல யாரோ நிக்கித மாதிரியே இருக்கும். பொறவு டாக்டரு சொன்னாரு, இது வெறும் கிருமி, உதட்டுல வருத கொப்புளத்துக்குச் சொந்தக்காரன்தான்னு. நெறையப் பேருக்கு இருக்காம். யாரும் வெளிய சொல்லுததில்ல."

"வெறும் கிருமி."

கேட்டது போல் இல்லை, சொல்லிப் பார்த்தது போல் இருந்தது. கல்லறைகளைப் பார்த்தபடி இன்னொரு முறையும் சொன்னார்.

"கல்யாணத்த நிறுத்தணும்னா இப்பமே சொல்லிருங்க மாமா. காத்திருக்கத் தெம்பு இல்ல."

தானியேல் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். வேதாகமத்துக்குள் செருகியிருந்த 'வாலிபனே, உன் சரீரம் ஆலயம்' பிரதியை உருவிப் பின்னட்டையைத் திருப்பினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"அந்த மாத்திரை பேரைப் பையச் சொல்லுங்க, மாப்பிள்ளை."