அப்பாவின் போல்ட்

மூடாதே, இன்றைக்கும் மூடாதே என்று வால்புர்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஃபெர்லாக் ஊர்ப் பட்டறையில் புதுத் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நோ-கோ கேஜை வைத்தாள். அது தோட்டாவைவிட மயிரிழை நீளமான எஃகுத் துண்டு. அதன்மேல் போல்ட், அதாவது அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டுத்தண்டு, மூடக் கூடாது. மூடினால் அறை ஆழம் கூடிவிட்டது என்று பொருள். சுடுகிறவர் முகத்திலேயே தோட்டா வெடிக்கலாம்.

போல்ட் மூடவில்லை. மாலைகளில் அது மூடுவதே இல்லை. கேஜை உள்ளேயே விட்டுப் போனால், காலையில் மூடியிருக்கும். பட்டறைச் சாவி அவளிடம் மட்டும்தான். இது அவள் மாற்றிப் பார்க்கும் மூன்றாவது குழாய். போல்ட் மட்டும் பழையது. வாடிக்கையாளர் அம்மாள், தன் செத்துப்போன அப்பாவின் துப்பாக்கியிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

"மூடலைல்ல? சோதனையில தேறிச்சுன்னு உன் முத்திரையைக் குத்து," என்றார் முதலாளி எகோன். "அந்தம்மா வாசல்ல நிக்கிறாங்க. விடிஞ்சா வேட்டைக்குப் போகணுமாம்."

"காலையில மூடியிருந்துச்சு, மாஸ்டர்."

"பேய் வந்து மூடிச்சாக்கும்! குத்தலேன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்."

வால்புர்கா துப்பாக்கியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு நின்றாள். போல்ட்டின் கைப்பிடி அவர் கண்ணெதிரே மெதுவாக இறங்கி, கேஜின்மேல் மூடிக்கொண்டது.

எகோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் எதையும் பாக்கல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "குத்தும்மா."

அவள் முத்திரை உளியை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மாட்டேன், மாஸ்டர். அந்தம்மாவை உள்ள கூப்பிடுங்க, நானே சொல்லிக்கிறேன்."