புது டின் பெட்ரோல்

"அய்யா, டிரம்முல கிடக்கிறது போன வருசத்துப் பெட்ரோல். புளிச்ச நாத்தம் அடிக்குது. ஊத்துனா பாதி வழியில லோரி நின்னுடும்," என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சினான் டிரைவர் சன்னாசி. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவன் மனைவி ராக்கம்மா பிரசவ வலியில் அலறிக்கொண்டிருந்தாள். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

"அந்தக் கழிசடையைத் தொடாதே! துரை தன் காரையே எடுக்கச் சொல்லிட்டாரு. புது டின்னை உடைச்சு ஊத்து. உசிரு விஷயம்."

சன்னாசிக்குக் கண் கலங்கியது. ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான். "அவளைத் தூக்கிட்டு வரேங்க!"

"எவளை?" கம்பளியில் சுற்றிய துரையின் நாயைப் பின்சீட்டில் படுக்க வைத்தார் கிராணி. "கோலாலம்பூர் மாட்டு டாக்டர்கிட்ட ஓட்டு."

"என் பொண்டாட்டி, அய்யா?"

"லோரி இருக்குல்ல? பழசை ஊத்தி அனுப்பு. ஓடுற மட்டும் ஓடட்டும்."