ருக்கு

அந்தச் சொல் தாரிணிக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

முட்டம் பாறைமேல் கணவனின் அலுவலகத்தார் குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தாரிணி, கோயம்புத்தூர்க்காரி, அக்கறையோடு அவள் பக்கத்தில் வந்தாள்.

"கண்ணாடியக் கழட்டிருங்க்கா. ருக்கு அடிச்சா ஒண்ணுமே தெரியாதுங்க."

ருக்கு.

அலை பாறையில் மோதித் தெறிப்பது வேறு. அது எழும், அங்கேயே விழும். காற்று பலமாக இருக்கும்போது, அலை கவிழ்வதற்கு முன்பே அதன் நுனியைச் சீவி எடுத்துக்கொண்டு போகும். சீவியது பொடியாகிக் காற்றோடு கரைக்கு வரும். முகத்தில் பட்டால் ஈரம் என்றே தோன்றாது. புருவத்தில் மட்டும் வெள்ளையாகத் தங்கும்.

அதற்குப் பெயர் வைத்தவளே அவள்தான்.

கல்யாணமான புதிதில், தனுஷ்கோடியில். கணவனின் புருவம் வெளுத்திருந்ததைப் பார்த்து, நம்ம ருக்கு மாதிரி இருக்கீங்க என்றாள். ராஜபாளையத்தில் அவர்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்த ருக்மணிக்கு எந்நேரமும் புருவத்தில் மாவுதான். அவன் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும், ருக்கு வருது. இன்னைக்கு ருக்கு இல்ல.

வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை. ருக்மணிக்கே தெரியாது.

இந்த ஊரிலும் அப்படித்தான் சொல்வார்களோ? அன்னாசி விற்றவரிடம் கேட்டாள்.

"இதா? சாரலாக்கும்" என்றார் அவர், துண்டுகளில் மிளகாய்ப்பொடியைத் தூவிக்கொண்டே.

அலுவலகத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பானோ?

பெரிய அலை ஒன்று மோதியது. எல்லோரும் நனைந்து பின்னால் ஓடினார்கள்.

"இது இல்லீங்க்கா" என்றாள் தாரிணி. "இருங்க, இப்ப வரும்."

வந்தது.

தாரிணி கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினாள். புருவம் மெல்ல வெளுத்தது.

இன்னும் பாறைப் பக்கமே வராத கணவன், வேனருகே டிரைவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

அலுவலக மேஜையில் உட்கார்ந்து இந்தச் சொல்லை யாருக்கும் விளங்கவைக்க முடியாது. தெறிப்பது எது, ருக்கு எது என்று வாயால் சொன்னால் பிடிபடாது. காற்று வரும் பக்கமாக நிற்கவைத்து, அது முகத்தில் படும் நேரத்தில், பக்கத்தில் நிற்பவர் சொல்ல வேண்டும்.

அவன் தாரிணியைக் கடலுக்குக் கூட்டிப்போயிருக்கிறான்.