இன்ஸ்டாவில் பார்த்த பின்னல்

“இத்தனை படத்துல ஒண்ணுலயாச்சும் மூஞ்சி தெரியுதா பாரு. இதுக்குப் பேருதான்டா அடக்கம்” என்று சுகுணா போனை மகனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

சிவபிரகாஷ் தலையாட்டினான். அவனுக்கு அந்தப் படங்கள் மனப்பாடம். சிங்கப்பூரில் இருந்தபடியே எல்லாவற்றுக்கும் இதயம் போட்டவன்.

இருவரும் இலுப்பூரில், சுடர்விழியின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். மணப்பெண்களுக்குப் பூஜடை தைத்துக் கொடுப்பது சுடர்விழியின் தொழில். தைத்த ஜடையைப் பின்னலில் வைத்து, பின்பக்கமிருந்து படமெடுத்து இன்ஸ்டாவில் போடுவாள். பார்த்தவர்கள் முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுப்பார்கள்.

சுகுணா ஆர்டர் கொடுக்க வரவில்லை. படத்திலிருந்த பின்னலையே மருமகளாகக் கேட்டு, பட்டும் பழமும் மல்லிகைச் சரமுமாகத் தாம்பாளத்தோடு குளத்தூரிலிருந்து வந்திருந்தாள்.

மகனுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. போன லீவில் பார்த்த பெண்களில் ஒருத்தி கறுப்பு, ஒருத்தி பல் தெரியச் சிரித்தாள், ஒருத்தி எம்.ஃபில். எல்லாரையும் தட்டிக்கழித்தவள் சுகுணாதான். இந்த லீவும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இனியும் விட்டால் பெண்ணே கிடைக்காது என்ற பயம் அவளுக்கே வந்துவிட்டது. இன்றைக்குப் பெண்ணுக்குப் பூ வைத்து உறுதி செய்யாமல் திரும்ப மாட்டேன் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறியிருந்தாள்.

“அம்மா, நீங்க நெனைக்கிற மாதிரி இல்லங்க. அந்தப் படத்துல இருக்கிறது...” என்று ஆரம்பித்தாள் சுடர்விழி.

“வசதி இல்லாத வீடுன்னு சொல்லப் போறே. அதான் பாத்தாலே தெரியுதே! எங்களுக்கு ஒண்ணும் வேணாம், அந்த முடி போதும். சவுரி கிவுரி இல்லையே?”

“சொந்த முடிதான். இழுத்தே பாத்துக்கலாம்.”

“தோளைப் பாரேன், என்ன வாட்டசாட்டம்! ரெண்டு சிலிண்டரை ஒத்தையாத் தூக்கிருவா. சமையல் வருமா?”

“அம்பது பேருக்கு ஆக்கச் சொன்னாலும் அசராம ஆக்கிரும்.”

“படிப்பு?”

“காலேஜ்ல பாதியிலேயே நின்னாச்சு.”

சுகுணாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “அது போதும். முழுசாப் படிச்சா வாய் நீண்டுருது. ஆமா, நீ என்ன படிச்சிருக்கே?”

“எம்.எஸ்சி. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான்தான்.”

“மிதிச்சு என்னத்தைக் கண்டே? பூத்தானே தைக்கிறே!”

சுடர்விழியின் கையிலிருந்த ஊசி சற்று நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. பாதியில் நின்ற பேச்சைத் தொடர அதற்குமேல் அவள் முயலவில்லை. சுகுணாவுக்கும் அது தேவைப்படவில்லை.

“மொகத்தையும் சேத்துப் போட்டா ஆர்டர் கூடுமேங்க?” என்றான் சிவபிரகாஷ், நப்பாசையோடு.

“பேஜ் ஆரம்பிச்சப்ப தெருத்தெருவா அலைஞ்சேங்க. ஒரு வீட்டுலயும் பொண்ணை அனுப்பல. பின்னந்தலை மட்டுந்தான்னு கெஞ்சினேன். பின்னந்தலை நெட்ல வந்தாலும் மானம் போயிருமாம். அப்புறந்தான் வீட்டுல கூடப் பொறந்ததையே ஒக்கார வச்சேன்.”

“நியாயந்தானே! மானமுள்ள குடும்பத்துல எவன் அனுப்புவான்?” என்றாள் சுகுணா, கையிலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கியபடி. “கல்யாணம் முடிஞ்ச கையோட இதை அம்புட்டையும் அழிச்சிரணும். எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணோட முதுகைக்கூட ஊரான் பாக்கக் கூடாது.”

“நீங்களும் ஊரானாப் பாத்துத்தானே வந்திருக்கீங்க?”

“பாத்தியாடா, நான் சொல்லல? படிச்ச வாயி!”

“இன்னொண்ணையும் கேட்டுக்கங்க. வர்ற தைப்பூசத்துக்கு விராலிமலையில மொட்டை போடுறதா நேர்த்தி இருக்கு. அதுக்கு வளத்த முடிதான் இது.”

சுகுணா பதறி எழுந்தாள். “மொட்டையா? ஆத்தாடி! முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். வெள்ளியில வேல் செஞ்சு போட்டுர்றேன். முடி மேல கத்தி படக் கூடாது. எங்க இருக்கா அவ?”

“ஆளு உள்ளதான் இருக்கு. இன்னைக்குப் படம் எடுக்கணும்னு ரெடியாகி ஒக்காந்திருக்கு.”

சுகுணா திரைச்சீலையை விலக்கினாள். வாசலுக்கு முதுகைக் காட்டியபடி முக்காலியில் அந்த உருவம் அமர்ந்திருந்தது. தோளைச் சுற்றி அரக்குப் பட்டு. இடுப்பைத் தாண்டி இறங்கிய பின்னல், பாதிவரை பூ ஏறி, படத்தில் பார்த்ததைவிட அடர்த்தியாகத் தொங்கியது. இதற்காக இன்னும் ஏழு லீவு காத்திருந்தாலும் தகும் என்று சுகுணாவுக்குத் தோன்றியது.

நல்ல நேரம் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. தாம்பாளத்து மல்லிகையை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். சிவபிரகாஷ் போனைத் தூக்கிப் பிடித்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கட்டுமென்று லைவில் விட்டான்.

சுகுணா சரத்தைப் பின்னலில் அழுத்திச் செருகினாள். வீடு அதிரக் குலவை போட்டாள். இரண்டு கைகளாலும் திருஷ்டி கழித்து நெற்றிப்பொட்டில் சொடுக்கினாள்.

“பூ வச்சாச்சு! இனி யாராலயும் மாத்த முடியாது. மருமகளே, இங்கிட்டுத் திரும்பும்மா. ஏதாச்சும் சொல்லணும்னா கூச்சப்படாம அத்தைகிட்டச் சொல்லு.”

பின்னல் மெல்லத் திரும்பியது.

“மீசையை எடுத்துரணுமா, அத்தை?”